வீடும் பராமரிப்பும் – வாசகர் கேள்வி பதில்: கூரைச் சாளரத்தைப் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி: எங்கள் வீட்டு மாடிப்படிக்கு மேலே, சமதளமான கான்கிரீட் கூரையில், 18 ஆண்டுகளுக்கு முன்பு ஸ்கைலைட் எனப்படும் கூரைச் சாளரம் ஒன்றை அமைத்தோம். அலுமினியச் சட்டமும் இரட்டைக் கண்ணாடியும் கொண்டது. சில ஆண்டுகளாக மழைக்காலத்தில் அதன் கீழ்விளிம்பை ஒட்டிய சுவர்ப்பூச்சில் ஈரம் ஊறி, வண்ணப்பூச்சு உரிகிறது. ஆண்டுதோறும் சட்டத்தைச் சுற்றிச் சிலிக்கான் பூசியும் அடுத்த மழையிலேயே ஈரம் திரும்பிவிடுகிறது. போதாக்குறைக்கு இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே துடைக்க முடியாத மங்கல் படிந்திருக்கிறது. பார்வையிட வந்த ஒருவர் முழுவதையும் மாற்றச் சொல்கிறார். மற்றொருவர், நன்றாக ஒருமுறை அடைத்தால் இன்னும் பத்து ஆண்டு ஓடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தற்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். தண்ணீர் எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது என்பதை இருவருமே பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அது தெரியாத வரை மாற்றச் சொல்வதும் அடைக்கச் சொல்வதும் ஊகம்தான். மேலும் நீங்கள் குறிப்பிடும் ஈரமும் மங்கலும் இரண்டு தனித்தனிப் பழுதுகள். ஒன்றுக்கு மற்றொன்று காரணமாக இருக்க வேண்டியதில்லை.

முதலில் ஈரத்தை எடுத்துக்கொள்வோம். கூரைச் சாளரத்துக்குக் கீழே தண்ணீர் தெரிந்தால் கண்ணாடி ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் தண்ணீர் வரக்கூடிய வழிகள் மூன்று: சாளரம் உட்கார்ந்திருக்கும் மேடைச்சுவருக்கும் கூரைத்தளத்துக்கும் இடையிலுள்ள மூலை, அந்தச் சுவரின் உச்சிக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இணைப்பு, சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள ரப்பர் பட்டை. இவற்றில் எது என்று அறிய விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டாம். தண்ணீர்க் குழாயும் வீட்டுக்குள் நின்று பார்க்க ஓர் ஆளும் போதும். மழையில்லாமல் எல்லாம் நன்றாக உலர்ந்திருக்கும் நாளில், அழுத்தம் இல்லாமல் மெல்ல ஓடும் தண்ணீரை முதலில் மேடைச்சுவரின் அடியில் மட்டும் விடுங்கள். கால்மணி நேரமாவது பொறுத்திருந்து, உள்ளே ஈரம் தெரியாவிட்டால் சட்டத்தின் அடி இணைப்புக்கும், அதன்பின் கண்ணாடியின் விளிம்புக்கும் ஏறுங்கள். இந்தக் கீழிருந்து மேல் என்ற வரிசையை மாற்றக் கூடாது; முதலிலேயே கண்ணாடியின்மேல் தண்ணீரைக் கொட்டினால் அது எல்லா இணைப்புகளையும் நனைத்துக்கொண்டு வழிந்துவிடும், சோதனையால் எதுவும் விளங்காது. கான்கிரீட்டுக்குள் புகுந்த நீர் சற்றுத் தொலைவு பயணம் செய்து, தாமதமாகவே வெளிப்படும் என்பதால் அவசரப்படவும் கூடாது.

சோதனைக்கு முன்னால் இன்னொன்றைக் கவனியுங்கள்; உங்கள் வீட்டுப் பிரச்சினை இதுவாகவே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அலுமினியச் சட்டங்களை வடிவமைப்பவர்கள், ரப்பர் பட்டையைத் தாண்டிச் சிறிது நீர் நுழையத்தான் செய்யும் என்று முன்கூட்டியே கணக்கில் கொண்டு, அந்த நீர் சட்டத்தின் உட்குழிவில் சேர்ந்து கீழ்விளிம்பிலுள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறும்படி அமைக்கிறார்கள். சிலிக்கான் குழாயோடு கூரையேறுகிறவருக்கு இந்தத் துளைகள் ஓட்டையாகத்தான் தெரியும். அக்கறையோடு அவற்றையும் சேர்த்து அடைத்துவிட்டு இறங்குவார். வெளியேற வழியில்லாத நீர் பிறகு உட்பக்கமாக வழியும், அதுவும் நீங்கள் சொல்லும் அதே கீழ்விளிம்பில். ஆண்டுதோறும் பூசியும் ஈரம் நிற்கவில்லை என்பதைப் படிக்கும்போது, பூசியதாலேயே நிற்கவில்லையோ என்ற ஐயம் எழுகிறது. துளைகள் அடைபட்டிருந்தால் பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுத்து, மெல்லிய கம்பியால் தூசியையும் நீக்கிவிட்டு ஒரு மழையைப் பாருங்கள். செலவே இல்லாமல் தீரும் சாத்தியம் இருக்கும்போது இதை விட்டுவிட்டு வேறெதையும் தொடங்க வேண்டாம்.

ஈரம் மேடைச்சுவரின் அடியிலிருந்து வருவதாகச் சோதனை காட்டினால், சாளரத்தின்மேல் எந்தக் குற்றமும் இல்லை. எவ்வளவு உயர்தரமான புதிய சாளரத்தைக் கொண்டுவந்து பொருத்தினாலும் அதே இடத்தில் அதே ஈரம் வரும். அங்கே பழுதானது கூரையின் நீர்க்காப்புப் பூச்சு. அது தளத்தோடு நின்றுவிடாமல் மேடைச்சுவரின் பக்கத்தில் ஏறி, சட்டத்தின் விளிம்பு மடிப்புக்குக் கீழே போய் முடிய வேண்டும். மேடைச்சுவர் முடிவுற்ற தளத்திலிருந்து ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் உயரம் இருப்பது நல்லது. கட்டும்போது போதிய உயரம் இருந்திருக்கும். பின்னர் வெப்பத்துக்கென்று ஓர் அடுக்கும், ஒழுகலுக்கென்று ஓர் அடுக்கும், அதன்மேல் ஓடுமாகத் தளம் உயர்ந்துகொண்டே போய், மேடைச்சுவர் பாதியாகக் குறைந்திருக்கும். மழைநீர் தேங்கிச் சட்டத்தின் அடியைத் தொடும் நிலை வந்துவிட்டால், சுவரை உயர்த்துவதைத் தவிர வேறு தீர்வு கிடையாது.

ஒழுகல் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே என்றால் ரப்பர் பட்டையை மாற்றலாம். அந்த அளவில் பட்டை கிடைக்காமல் சிலிக்கான்தான் வழி என்றால், பழையதை முழுவதுமாக நீக்கிய பிறகே புதியதைப் பூச வேண்டும், ஏனெனில் இறுகிவிட்ட பழைய சிலிக்கானின்மேல் புதியது சரிவரப் பற்றாது. பூசும்போது புளித்த வினிகர் வாடை வீசும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். அதிலிருந்து வெளிப்படும் அமிலம் சிமென்ட்டோடு வினைபுரிந்து பிடிப்பைக் கெடுக்கும், சிலவகை உலோகங்களையும் அரிக்கும். நடுநிலை வகை என்று கேட்டு வாங்குங்கள்.

இனி மங்கலைப் பற்றி. இரட்டைக் கண்ணாடி என்பது இரு கண்ணாடிகளை விளிம்பில் காற்றுப்புகாமல் அடைத்துச் செய்த ஒரே பொட்டலம். இரண்டுக்கும் நடுவே விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய இடைச்சட்டத்துக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் வைத்திருப்பார்கள். விளிம்படைப்பு தளர்ந்து, உள்ளே நுழையும் ஈரத்தை அந்த மணிகளால் மேலும் உறிஞ்ச இயலாத நிலை வந்த பிறகுதான் மங்கல் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. இதைப் பழுதுபார்க்க இயலாது. துளையிட்டு உலர்த்தித் தருவதாகச் சிலர் சொல்வார்கள்; அதனால் பார்வைக்குத் தெளிவு வரலாமே தவிர, வெப்பத்தைத் தடுக்கும் திறன் திரும்பி வராது. ஆனால் பழுதுபார்க்க முடியாது என்பதற்காக முழுச் சாளரத்தையும் கழற்றி எறிய வேண்டியதில்லை. கண்ணாடியைப் பிடித்திருக்கும் பட்டிகள் கழற்றக்கூடியவையாகவும் சட்டம் நேராகவும் இருந்தால், அதே அளவில் கண்ணாடியை மட்டும் புதிதாகச் செய்து பொருத்தலாம். மங்கல் அழகைக் கெடுக்குமே தவிர ஆபத்தானது அன்று; அது உங்கள் கண்ணை உறுத்தாவிட்டால் சில ஆண்டுகள் தள்ளிப்போடுவதிலும் தவறில்லை.

புதிய கண்ணாடி செய்யும்போது, அறையைப் பார்த்திருக்கும் கீழ்க்கண்ணாடி, நடுவே படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் வகையாகவே இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள். சூடாக்கிப் பதப்படுத்தி வலுவூட்டிய டஃபன்ட் கண்ணாடி உடைந்தால் சிறு மணிகளாகச் சிதறிக் கீழே கொட்டும். லேமினேட்டட் கண்ணாடியின் துண்டுகளோ நடுவிலுள்ள படலத்தோடு ஒட்டிக்கொண்டு மேலேயே தங்கும். தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடியில் இந்த வேறுபாட்டுக்கு ஈடாக எந்தச் சிக்கனமும் இல்லை. டஃபன்ட் கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு வெட்ட முடியாது என்பதால், அளவு எடுப்பவர் இருமுறை சரிபார்க்கட்டும்.

முழுவதையும் மாற்றுவதுதான் சரி என்று நான் சொல்லக்கூடிய நிலைகளும் உண்டு. சட்டத்தின் மூலைகள் விலகியிருத்தல், திருகுகளைச் சுற்றி உலோகம் வெண்பொடியாக உதிர்தல், பட்டையும் பட்டியும் அந்த வடிவில் எங்கும் கிடைக்காமல் போதல் ஆகியவை அவை. இவற்றோடு, உங்களுக்குப் பொருந்தக்கூடிய இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். மேடைச்சுவரின் நீர்க்காப்பைப் புதுப்பிக்க நேர்ந்தால், சட்டத்தை முழுவதும் தூக்கினால்தான் வேலை ஒழுங்காக நடக்கும். கூரையைத் திறந்து, ஆள்கூலி கொடுத்து, 18 ஆண்டு பழகிய சட்டத்தையே மறுபடி இறக்கி உட்காரவைப்பது, சில ஆண்டுகளில் இதே வேலையை இன்னொரு முறை செய்வதற்கு நாள் குறிப்பதாகும். அந்த நிலையில் நான் மாற்றவே சொல்வேன். மாறாக, துளைகளோ ரப்பர் பட்டையோதான் காரணம் என்றால், சட்டத்தைத் தொடாமல் கண்ணாடியை மட்டும் மாற்றுவது போதும்.

கேள்வி: எங்கள் கூடத்துக்கு மேலே இருப்பது பாலிகார்பனேட் தாள். மஞ்சளாகிவிட்டது, திருகுகளைச் சுற்றி விரிசலும் விட்டிருக்கிறது. மெருகேற்றி, விரிசலை அடைத்துப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். மஞ்சள் நிறம் அழுக்கு அன்று. வெயிலின் புற ஊதாக் கதிர்களால் அந்த நெகிழியே சிதைந்து வருவதன் அடையாளம். தாளின் ஒரு முகத்தில் இக்கதிர்களைத் தடுக்கும் மெல்லிய பூச்சு இருக்கும். மெருகேற்றும்போது மிச்சமிருக்கும் அந்தப் பூச்சும் போய்விடுவதால் சில மாதங்களுக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டு முன்னைவிட விரைவாகக் கெடும். சில நேரங்களில், பொருத்தியவர் பூசிய முகத்தைக் கீழ்ப்பக்கமாக வைத்துவிட்டதே குறுகிய காலத்தில் மஞ்சளாவதற்குக் காரணமாக இருக்கிறது. எந்த முகம் மேலே வர வேண்டும் என்பது தாளின்மேல் ஒட்டிவரும் பாதுகாப்புப் படலத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பொருத்துவதற்கு முன்பே உரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரிசல் வேறு கதை. வெப்பத்தில் பாலிகார்பனேட் கண்ணாடியைக் காட்டிலும் பல மடங்கு விரியும். 2 மீட்டர் நீளமுள்ள தாள் 40 டிகிரி செல்சியஸ் வேறுபாட்டில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீள்கிறது. அதே அளவுள்ள கண்ணாடி 1 மில்லிமீட்டர்கூட நீள்வதில்லை. திருகின் அளவுக்கே துளையிட்டு இறுக முடுக்கிவிட்டால், நீளவும் சுருங்கவும் இடமில்லாமல் தாள் திருகைச் சுற்றித்தான் கிழியும். எனவே தாளை மாற்றுங்கள், கீழிருக்கும் சட்டம் நன்றாக இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். துளைகளைத் திருகைவிடச் சில மில்லிமீட்டர் பெரிதாக இடச் சொல்லி, ரப்பர் வளையத்தோடு மிதமாக முடுக்கச் சொல்லுங்கள். பழைய தாளைக் கழற்றும்போது யாரும் அதன்மேல் கால் வைக்கக் கூடாது. வெயிலில் முறுகிய தாள் பார்வைக்கு உறுதியாகத் தெரியும், ஆனால் ஓர் ஆளின் எடையைத் தாங்காது.

கேள்வி: மழையே இல்லாத குளிர்கால விடியற்காலைகளில் எங்கள் குளியலறைக் கூரைச் சாளரத்திலிருந்து நீர் சொட்டுகிறது. கண்ணாடி ஒற்றை அடுக்கு. இதுவும் ஒழுகலா?

பதில்: இல்லை. அறையிலுள்ள ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியின் அடிப்பக்கத்தில் பட்டு நீராகப் படிந்து சொட்டுகிறது. வெளிப்பக்கத்தில் எதைப் பூசினாலும் இது நிற்காது. காற்றை வெளியேற்றும் விசிறியைக் குளிக்கும்போதும், குளித்து முடித்த பிறகு அரைமணி நேரமும் ஓடவிட்டுப் பாருங்கள். அதன் பின்னும் தொடர்ந்தால் இரட்டைக் கண்ணாடிக்கு மாறுவது பயன் தரும். உட்பக்கக் கண்ணாடி அவ்வளவு குளிராமல் இருக்கும் என்பதால் நீர் படிவது வெகுவாகக் குறையும்.

கேள்வி: சாளரம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் கோடையில் அறை கொதிக்கிறது. மாற்றிவிடலாமா?

பதில்: வெப்பத்துக்காக மட்டும் என்றால் அவசரம் வேண்டாம். கண்ணாடிக்கு வெளியே, சற்று இடைவெளி விட்டு நிழல்வலை அமைப்பதே முதலில் செய்யத்தக்கது; உள்ளே தொங்கும் திரை வெயிலைத் தடுப்பதற்குள் வெப்பம் அறைக்குள் வந்துவிட்டிருக்கும். கருநிறப் படலம் ஒட்டுவதாக இருந்தால், உங்களுடையது இரட்டைக் கண்ணாடியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படலம் உறிஞ்சும் வெப்பத்தால் அத்தகைய கண்ணாடி விரிசல் விடுவதுண்டு என்பதால், அதைச் செய்தவரிடம் கேட்காமல் ஒட்டக் கூடாது.