பழைய குடும்பப் படங்களில் இருப்பவர்கள் யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டுப் பெட்டியில் பழைய படங்கள் கிடைத்திருக்கின்றன, யாரென்று சொல்லப் பெரியவர்கள் இல்லை, சொந்தபந்தங்களிடம் விசாரித்தால் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியும். ஆனால் முகச்சாயலில் மட்டும் தொடங்காதீர்கள். நாங்கள் அப்படித் தொடங்கித்தான் வேறொருவருக்கு முப்பது வருஷத்துக்கு மேல் மாலை போட்டுக்கொண்டிருந்தோம்.

நாங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்). எங்கள் வழக்கில் அப்பச்சி என்றால் அப்பா, ஐயா என்றால் தாத்தா. எங்கள் பாட்டையா (ஐயாவுக்கு அப்பச்சி) பர்மாவில் இருந்தவர். ஊர் வீட்டில், வளவுக்குள் (உள்முற்றத்துக்குள்) நுழைந்ததும் எதிரில் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கும். ஏழு ஆண்கள். நடுவில் நாற்காலியில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், காதில் கடுக்கன், முழங்காலில் கை. பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். தரையில் இரண்டு பையன்கள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நாற்காலிக்காரர்தான் பாட்டையா என்று எல்லோருக்கும் 'தெரியும்'. படைப்பு வீட்டில் முன்னோருக்குப் படைக்கும்போது அவருக்குத்தான் சந்தனமும் மாலையும். அப்பச்சியின் மூக்கு அவர் மூக்கேதான் என்று வேறு சொல்லிக்கொள்வோம்.

ஒரு மழைக்காலத்தில் சட்டத்தின் பின்பலகை செல்லரித்து உதிர்ந்தது. கழற்றினால், அட்டையின் கீழ் விளிம்பில் ரங்கூன் ஸ்டூடியோ ஒன்றின் பெயர் அழுத்தி அச்சாகியிருந்தது. பின்புறம் பென்சிலில் ஒரு விலாசம், அதோடு 'கடை' என்று ஒரு சொல். விலாசம் எங்களுடையது இல்லை.

செட்டிநாட்டில் விலாசம் என்றால் வீட்டு முகவரி இல்லை. அப்பச்சி, ஐயா, பாட்டையா பெயர்களின் முதலெழுத்துகள். பேரனுக்கு ஐயா பெயரை வைப்பது வழக்கம் என்பதால், பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வரும். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937-இல் தொடங்கிய எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அப்பச்சி முத்தையா, மகனும் முத்தையா. படத்தின் பின்னால் 'முத்தையா' என்று மட்டும் இருந்தால் அது எந்த முத்தையா? பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதனால் பின்பக்கத்தில் இரண்டு எழுத்து கிறுக்கியிருந்தால்கூட அழுக்கென்று துடைத்துவிடாதீர்கள்.

அப்புறம் வெறும் கணக்குத்தான். பாட்டையாவின் ஜாதக ஏட்டில் பிரமாதீச வருஷம். அறுபது வருஷச் சுற்றில் அது 1913-14லும் வரும், 1973-74லும் வரும். பாட்டையாவுக்கு 1913-14 என்பதில் சந்தேகமில்லை. 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. 1942 மார்ச்சில் நகரமே அவர்கள் கைக்குப் போய்விட்டது. பாட்டையா அந்த ஓட்டத்தில் ஊர் வந்து சேர்ந்தவர், திரும்பப் போகவே இல்லை. அதாவது ரங்கூனைவிட்டுக் கிளம்பியபோது அவருக்கு மிஞ்சினால் இருபத்தெட்டு வயது. ரங்கூனில் எடுத்த படத்தில் நாற்பது வயதுக்காரராக அவர் எப்படி இருப்பார்?

இருக்க முடியாது. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

பர்மா, மலேயா, இலங்கைக் கடைகளில் மூன்று வருஷக் கணக்குக்கு ஆள் போவார்கள். 'கொண்டுவிக்கப் போறது' என்பார்கள். கடைக்குத் தலைமை மேலாள், அவருக்கு அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். பதின்மூன்று, பதினான்கு வயதில் பையனாகக் கப்பலேறுவது சாதாரணம். ஸ்டூடியோவில் படம் பிடிக்கும்போதும் இந்த வரிசை மாறாது. மேலாளுக்கு நாற்காலி, அடுத்தாள் பக்கத்தில் நிற்பார், பையன் தரையில். கடைப் படத்தைக் குடும்பப் படம் என்று நினைத்ததுதான் எங்கள் முதல் தப்பு. பாட்டையா தான் இருக்கும் படம் என்பதால் மாட்டி வைத்தார். பின்னால் வந்த நாங்கள், படத்தில் பெரியவர் யாரோ அவரைப் பாட்டையா ஆக்கிவிட்டோம்.

சரி, அந்த நாற்காலிக்காரர் யார்? இங்கேதான் சமூகத்தின் உதவி வேண்டியிருந்தது. நகரத்தாருக்கு ஒன்பது கோயில்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், இரணிக்கோவில், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. ஒரு கோயில்காரர்கள் பொதுவாகத் தங்களுக்குள் பங்காளிகள். கல்யாணம் என்றால் இரு வீட்டார் கோயிலிலிருந்தும் மாலை வரவேண்டும், அதற்குக் கோயிலில் பெயரைப் பதிய வேண்டும். போதாததற்கு வீட்டில் இசைகுடிமானமும் (கல்யாணத்தைப் பதிந்து எழுதும் ஏடு) மொய்ப்பண ஏடும் இருக்கும். மொய் ஏட்டை யாரும் மதிப்பதில்லை. எனக்கு அது தங்கம். இரண்டு ரூபாய் எழுதியவர் யார், எந்த ஊர், எந்த விலாசம் என்று வரிசையாக இருக்கும்.

பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டேன். நாற்பது கும்பிடு வந்தது. நான்கு வீட்டார் 'எங்க ஐயா சாயல் அப்படியே' என்று உரிமை கொண்டாடினார்கள். ஒருவர் படத்தைக் கலர் ஆக்கி, 'தெளிவாக்கி' திருப்பி அனுப்பினார். அதில் நாற்காலிக்காரருக்குப் புதிதாக ஒரு தாடை முளைத்திருந்தது. அந்த மாதிரிச் செயலிகள் மங்கிய இடத்தைத் தாமாக நிரப்புகின்றன. அடையாளம் காணத் தேடும்போது அவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது.

பிறகு முறையை மாற்றினேன். ஒவ்வொரு முகத்துக்கும் எண் கொடுத்து, தனித்தனியாக வெட்டி, என் ஊகம் எதையும் சொல்லாமல், பின்பக்க விலாசத்தை மட்டும் போட்டு 'இந்த விலாசம் எந்த ஊர்?' என்று கேட்டேன். இரண்டே நாளில் பதில் வந்தது. பக்கத்து ஊர்தான். எங்கள் வீட்டு மொய் ஏட்டிலும் அதே விலாசம் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

அந்த வீட்டில் எண்பத்தாறு வயது ஆச்சி ஒருவர். பேரன்மார் படத்தைப் பார்த்துவிட்டு, 'எங்க ஐயா சாயலே இல்லையே' என்று கையை விரித்துவிட்டார்கள். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முகத்தைப் பார்க்கவே இல்லை.

"கையப் பெருசு பண்ணு."

பெரிதாக்கினேன். முழங்காலில் நான்கு விரலும் விரிந்திருக்க, சுண்டுவிரல் மட்டும் உள்ளே மடங்கியிருந்தது.

"எங்க ஐயாதான். அந்த வெரலு நிமிராது. சோறு பெசையறப்ப அது மட்டும் தனியா நிக்கும். ஆனா அது எடது கை இல்ல, சோத்துக் கையாச்சே!"

படத்தில் இடது கை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்போதுதான் நிற்கிற அடுத்தாளின் கோட்டைக் கவனித்தேன். மேல்பை வலது மார்பில் இருந்தது. கோட்டுக்கு மேல்பை இடது பக்கம்தானே வைப்பார்கள்? அச்சுப் போடும்போது நெகடிவைத் திருப்பி வைத்துவிட்டிருக்கிறார்கள். கண்ணாடியில் தெரிவதுபோல் படம் முழுக்க இடவல மாற்றம். அப்படியானால் அது சோற்றுக் கைதான்.

சாயல் ஏன் இல்லை என்றும் ஆச்சிதான் சொன்னார். நாற்காலிக்காரருக்குப் பிள்ளை இல்லாமல், பங்காளி வீட்டிலிருந்து பிள்ளை கூட்டிக்கொண்டார்களாம். கூட்டிய பிள்ளையின் மகள்தான் ஆச்சி. சுவீகாரம் போனவருக்கு விலாசம் மாறும், சில நேரம் பெயரும் மாறும். ஒரே ஆள் சிறுவனாக ஒரு வீட்டுப் படத்தில் ஒரு பெயரிலும், பெரியவனாக இன்னொரு வீட்டுப் படத்தில் வேறு பெயரிலும் இருப்பார். முகச்சாயலை நம்பாதீர்கள் என்று முதலிலேயே சொன்னதற்கு இதுவும் காரணம்.

நீங்கள் எந்தச் சமூகம் என்று எழுதவில்லை. இதுபோன்ற ஏடு ஏதாவது எல்லோரிடமும் உண்டு. குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி நோட்டு, தேவாலயத்தில் ஞானஸ்நானப் பதிவேடு, ஜமாஅத்தில் நிக்காஹ் பதிவேடு. பெண்களைக் கண்டுபிடிக்க இவை இல்லாமல் முடியாது. படங்களின் பின்னால் பெண்கள் பெயரை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. 'இன்னார் மனைவி' என்பதோடு சரி.

காலம் கணிக்கத் தாளின் பின்பக்கமும் உதவும். 'ஆக்ஃபா-கெவர்ட்' என்று சேர்ந்து அச்சாகியிருந்தால் 1964-க்கு முந்தைய அச்சாக இருக்காது, இரண்டு கம்பெனியும் அந்த வருஷம்தான் இணைந்தன. ஆனால் பழைய படத்தை மறுபடி படம்பிடித்துப் போட்ட பிரதியாக இருக்கலாம், ஜாக்கிரதை. உள்ளூர் ஸ்டூடியோ படம் என்றால் பின்திரையைப் பாருங்கள். ஒரே திரை, ஒரே முக்காலி, ஒரே பூச்சாடி வேறு வீட்டுப் படத்திலும் இருந்தால், காலமும் ஊரும் கிட்டத்தட்ட வந்துவிடும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணக் காப்புத் திட்டத்தின் கீழ் தமிழகத்து ஸ்டூடியோ படங்களைத் திரட்டி டிஜிட்டல் செய்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இடம்.

கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம், கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள். பின்னால் எழுத வேண்டுமானால் மென்மையான முனையுள்ள பென்சில். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் விழுத்தும்.

ஆச்சி வீட்டுக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுத்தோம். அவர்களிடம் அவருடைய படம் ஒன்றுகூட இருந்ததில்லை. எங்கள் வீட்டுப் படைப்பில் இந்த முறை மாலையை எப்படிப் போடுவது என்று ஒரே விவாதம். தரையில் இருக்கும் பையனுக்கு மட்டும் போட்டால் மேலாளை இறக்கிவிட்ட மாதிரி ஆகுமாம். கடைசியில் சட்டம் முழுக்கச் சுற்றி வருகிற மாதிரிப் பெரிய மாலையாக வாங்கிவிட்டார் சின்னப்பச்சி. பின்பலகையில் இப்போது ஒரு சீட்டு இருக்கிறது. நாற்காலி, தரையில் இடப்பக்கம், நிற்பவர்களில் கோட்டுக்காரர் என்று மூன்று பேருக்குப் பெயர் எழுதியாயிற்று. மற்ற நான்கு எண்களுக்கு எதிரே இடம் விட்டிருக்கிறேன்.