குழி தோண்டும் பெட்ரோல் மிஷின் ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் அணைவது ஏன்?

குடியாத்தம் பக்கம் மாங்கன்று நட வாங்கிய டூ ஸ்ட்ரோக் மிஷின் ஸ்டார்ட் ஆகிறது, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் நின்றுவிடுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் என்ஜினுக்குப் போய்ச் சேரும் பெட்ரோல் போதாததுதான் காரணம். சோக்கைப் பாதி போட்டுப் பாருங்கள். அப்போது நிற்காமல் ஓடினால் சந்தேகமே வேண்டாம்.

முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள். அதன் காற்றுத் துளையில் செம்மண் அடைத்தாலும் இதே கோளாறுதான். சரியாகவில்லையா? டேங்குக்குள் கிடக்கும் ஃபில்டரைக் கம்பிக் கொக்கியால் வெளியே இழுங்கள், பழுப்பேறியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் கார்புரேட்டர். போன ஆடியில் என் மிஷினைக் கழற்றியபோது அதற்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் விட்டுவைத்திருந்தேன். புதிது போட்டதும் பழையபடி ஓடியது. வேலை முடிந்தால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.