வயரிங் தெரிந்தவர் வகுப்பெடுக்கப் போகும்போது

அன்புள்ள அண்ணா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு 41 வயது. வவுனியாவிலிருந்து வந்து 15 வருடமாக லண்டனில் எலெக்ட்ரீஷியன் வேலை செய்கிறேன். எலெக்ட்ரீஷியனின் தகுதியைக் காட்டும் ஈசிஎஸ் கோல்ட் கார்ட், வயரிங் விதிமுறைகளின் 18ஆவது பதிப்புப் பரீட்சை எல்லாம் இருக்கிறது. இப்போது முழங்கால் இரண்டும் சொல்வழி கேட்பதில்லை. நான் படித்த கல்லூரியில் மாலை வகுப்புக்கு ஆள் தேடுகிறார்கள் என்று பழைய ஆசிரியர் ஒருவர் சொன்னார். எனக்குப் பட்டம் இல்லை. முதலில் எதைப் படிக்க வேண்டும்? கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொல்கிறார்கள். சம்பளம் குறையும் என்று மனைவிக்குக் கவலை. என் ஆங்கிலத்தைக் கேட்டு 17 வயதுப் பிள்ளைகள் சிரிப்பார்களோ என்று எனக்குக் கவலை. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் நாலு வருடமாக உதவி செய்கிறேன், அதைத் தவிர வகுப்பு அனுபவம் கிடையாது.

த., ஹரோ

அன்புள்ள தம்பி,

பட்டம் தேவையில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கல்லூரி ஆசிரியர் என்றதுமே நம்முடைய ஆட்கள் பலர் பல்கலைக்கழக விரிவுரையாளரை நினைத்துக்கொண்டு பின்வாங்கிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் ஃபர்தர் எஜுகேஷன் என்பது வேறு இடம். 16 வயதில் பாடசாலையை முடித்துவிட்டுத் தொழில் படிக்க வருகிற பிள்ளைகள், வாரத்தில் ஒருநாள் வேலைத்தலத்திலிருந்து வருகிற அப்ரென்டிஸ்கள், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகு ஆங்கிலம் படிக்க வருகிற அம்மாக்கள், எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள். அங்கே மின்னிணைப்பு சொல்லிக்கொடுக்கக் கூரைக்குள் தவழ்ந்து கேபிள் இழுத்தவர்தான் வேண்டும்.

பெயர்க் குழப்பத்துக்கும் காரணம் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர்கள் கட்டாயம் தகுதி பெற வேண்டும் என்று 2007இல் விதி வந்தது, 2013இல் அதை எடுத்துவிட்டார்கள். கூடவே படிப்புகளின் பெயர்களும் மாறின. பிறகு 2024 செப்டம்பரிலிருந்து ஆசிரியப் பயிற்சிக்கான ஐந்தாம் நிலை டிப்ளோமா மறுபடியும் புதிய வடிவத்தில், புதிய பெயரில் வந்திருக்கிறது. உங்களிடம் வேறு வேறு பெயர் சொன்னவர்கள் யாரும் தவறாகச் சொல்லவில்லை, அவரவர் படித்த காலத்தில் அதுதான் பெயர். இன்றைக்கு எந்தத் தகுதி வேண்டும் என்று வேலை கொடுக்கிற கல்லூரிதான் முடிவு செய்கிறது. தொழில் தெரிந்தவரை முதலில் வேலைக்கு எடுத்துக்கொண்டு, வகுப்பெடுத்துக்கொண்டே அந்த டிப்ளோமாவை முடிக்க வைப்பதுதான் பல இடங்களில் வழக்கம். அதை முடித்த பிறகு கியூடிஎல்எஸ் என்ற, முழுத் தகுதி பெற்ற ஆசிரியர் என்பதற்கான தகுதிநிலைக்கு விண்ணப்பிக்கலாம். 2012இலிருந்து இங்கிலாந்தின் பாடசாலைகளும் அதை ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் அது பிறகு பார்க்க வேண்டியது.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது மூன்றாம் நிலை அவார்ட், கற்பித்தலுக்கான ஆரம்பப் படிப்பு. சில வாரப் படிப்பு, மாலை நேரங்களிலும் நடக்கிறது. அதில் 15 நிமிட மைக்ரோ டீச் ஒன்று உண்டு. கூடப் படிக்கிறவர்களையே மாணவர்களாக உட்கார வைத்து எதையாவது சொல்லிக்கொடுத்துக் காட்ட வேண்டும்.

நான் அங்கே ‘அ’ எழுதச் சொல்லிக்கொடுத்தேன். தாய்மொழி, ஒரே ஒரு எழுத்து, 15 நிமிடம் தாராளம் என்று நினைத்தேன். ஏழு பேர் இருந்தார்கள், ஒரு பிளம்பர், ஒரு சிகையலங்காரப் பெண், மற்றவர்கள் அலுவலக வேலைக்காரர்கள். பலகையில் பெரிதாக ஒரு ‘அ’ போட்டேன், இன்னொரு முறை போட்டேன், எழுதுங்கள் என்றேன். பிளம்பர் வலது பக்கக் கோட்டிலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பெண் அழகாக ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பலகைப் பக்கம் திரும்பி மூன்றாவது முறையாக எழுதிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் எங்கள் பயிற்றுநர் ஒரேயொரு கேள்வி கேட்டார்: “ஐந்தாவது நிமிடத்தில் யார் எங்கே நின்றுவிட்டார்கள், சொல்லுங்கள்?” என்னிடம் பதில் இல்லை. யாருடைய தாளையும் நான் பார்த்திருக்கவில்லை. அதைவிட, ‘அ’ எந்த இடத்தில் தொடங்குகிறது, பேனா எங்கே மடங்குகிறது, எங்கே தாளை விட்டு எடுக்கக் கூடாது என்பதை என் வாயால் சொல்ல எனக்கே தெரியவில்லை. ஐந்து வயதில் கை பழகிய விஷயம், அதற்குப் பிறகு நான் அதை யோசித்ததே இல்லை.

தம்பி, இந்தப் பயிற்சி முழுவதும் இதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன். உங்களுக்கு வயரிங் சொல்லித்தர அங்கே யாரும் இல்லை, அது உங்கள் விரலில் இருக்கிறது. செம்புக்கம்பியில் கீறல் விழாமல் கேபிளின் தோலை உரிக்கும்போது கத்தியை எவ்வளவு அழுத்துகிறீர்கள், எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள்? நாளைக்கு வேலை செய்யும்போது ஒரு தடவை நிறுத்தி, அதைச் சொல்லாக்கிப் பாருங்கள். சிரமமாக இருக்கும். அந்தச் சிரமத்தோடு உட்கார்ந்து வேலை செய்வதுதான் ஆசிரியப் பயிற்சி. மற்ற லெசன் பிளான், அசைன்மென்ட் எல்லாம் அதைச் சுற்றி வருகிறவை.

அசைன்மென்ட் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் என்ன நடந்தது, எது சரிவரவில்லை, ஏன் என்று நீங்களே எழுதிவைக்கச் சொல்வார்கள். எனக்கு இதுதான் ஆகக் கஷ்டமாக இருந்தது, ஆங்கிலம்கூட அவ்வளவு கஷ்டமில்லை. நாம் படித்த பாடசாலையில் பிழை விட்டதை மறைக்கத்தான் பழகினோம், எழுதிக் காட்டப் பழகவில்லை. என் முதல் மூன்று பதிவுகளிலும் வகுப்பு நன்றாகப் போனது என்றே எழுதினேன், மூன்றும் திரும்பி வந்தன. நாலாவதில், பின்வரிசைப் பையன் ஒருவன் 40 நிமிடமும் ஒரு வரிகூட எழுதவில்லை, நான் அவனிடம் போகப் பயந்தேன் என்று உள்ளதை எழுதினேன். அதற்குத்தான் முதன்முறையாகப் பயிற்றுநர் ஓரத்தில் நீளமாகப் பதில் எழுதியிருந்தார்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்கிறேன், உங்களுக்கு அப்படி நிறையப் பேர் வருவார்கள். நான் எடுத்தது கணித மறுதேர்வு வகுப்பு. 16 வயதில் எழுதுகிற ஜிசிஎஸ்இ பரீட்சையில் கணிதமும் ஆங்கிலமும் தேறாத பிள்ளைகள் கல்லூரியில் அவற்றைத் தொடர்ந்து படித்தாக வேண்டும், 2014இலிருந்து அரசு நிதி கிடைப்பதற்கே அது நிபந்தனை. அவன் பகலில் எலெக்ட்ரிக்கல் படித்தான். சதவீதக் கணக்கைக் கண்டால் தாளைக் கவிழ்த்துவிடுவான். பயிற்சியில் மற்றவர்களின் வகுப்பையும் போய்ப் பார்க்க வேண்டும் என்பதால் ஒருநாள் அவனுடைய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். வருடக்கணக்காக வயரிங் செய்துவிட்டு ஆசிரியராக வந்தவர் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டரை சதுர மில்லிமீட்டர் கேபிள், 25 மீட்டர், 20 ஆம்பியர், வோல்டேஜ் எவ்வளவு விழும் என்று கேட்டார். இவன் அட்டவணையில் 18 என்ற எண்ணை, அதாவது ஒரு ஆம்பியருக்கு ஒரு மீட்டரில் விழும் மில்லிவோல்ட்டை, விரலால் தேடிப் பிடித்து, 18ஐ 20ஆலும் 25ஆலும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்து, ஒன்பது வோல்ட் என்றான். ஏற்கலாமா என்றார். ஐந்து சதவீதம் வரை விழலாம், 230 வோல்ட்டில் அது பதினொன்றரை, அதனால் ஏற்கலாம் என்றான். என் வகுப்பில் தாளைக் கவிழ்த்த அதே பையன். அடுத்த வாரம் நான் அந்த அட்டவணையை என் வகுப்புக்குக் கொண்டுபோனேன். அவன் தாளைக் கவிழ்க்கவில்லை.

சம்பள விஷயத்தில் மனைவி சொல்வது சரி. நல்ல எலெக்ட்ரீஷியன் உழைக்கிற காசைக் கல்லூரி தராது. அதுவும் மணித்தியாலக் கணக்கில் எடுத்தால், வீட்டில் பாடம் தயாரிக்கிற இரவுகளுக்கும் தாள் திருத்துகிற ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் தனியாக எதுவும் வராது. முதல் வருடம் தயாரிப்பு உங்களைத் தின்றுவிடும். அதனால் வேலையை உடனே விடாதீர்கள். வாரத்தில் ஒரு மாலை வகுப்பில் ஆரம்பியுங்கள். முழங்கால் கவலைக்கு அசெஸர் வேலையும் ஒரு வழி, அதற்குத் தனியாக ஒரு மூன்றாம் நிலைத் தகுதி இருக்கிறது, அப்ரென்டிஸ்களின் வேலையைப் பார்த்து மதிப்பிடுவது. ஆனால் உங்கள் கடிதத்தை வாசித்தால் நீங்கள் வகுப்பறையைத்தான் விரும்புகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

அப்புறம் அந்தச் சிரிப்பு. சிரிப்பார்கள். முதல் இரண்டு வாரம் உங்கள் உச்சரிப்பைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார்கள். அந்த அறையில் பாதிப் பேரின் வீட்டில் வேறு மொழி பேசுவார்கள் என்பதை நீங்கள் போன பிறகுதான் காண்பீர்கள். சோதனைக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று நீங்கள் காட்டும்போது யாரும் உச்சரிப்பைக் கவனிப்பதில்லை. புரியாவிட்டால் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள், முக்கியமான சொற்களைப் பலகையில் எழுதிவையுங்கள், போதும். சனிக்கிழமைப் பாடசாலையை விண்ணப்பத்தில் கட்டாயம் எழுதுங்கள். நாலு வருடம் விருப்பமில்லாமல் வந்து உட்கார்ந்த பிள்ளைகளைச் சமாளித்திருக்கிறீர்கள், நேர்முகத்தில் அதைத்தான் கேட்பார்கள்.

விண்ணப்பிக்க முதல் இரண்டு வேலை. உங்கள் சாதாரணதர (ஓ லெவல்) பரீட்சைச் சான்றிதழைத் தேடி எடுங்கள். கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இரண்டாம் நிலைத் தகுதி கேட்பார்கள், இலங்கைச் சான்றிதழை ஏற்கிறார்களா என்று கல்லூரியிடமே கேளுங்கள், இல்லையென்றால் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் என்ற அடிப்படைக் கணித, ஆங்கிலப் பரீட்சையின் இரண்டாம் நிலையை மாலையில் எழுதிவிடலாம். மற்றது, உங்கள் பழைய ஆசிரியரிடம் சொல்லி ஒருநாள் அவருடைய வகுப்பின் பின்னால் உட்காருங்கள். அவரைப் பார்க்க வேண்டாம். ஒரேயொரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, அவன் கை எங்கே நிற்கிறது, எப்போது மறுபடி நகர்கிறது என்று ஒரு மணித்தியாலம் குறித்துக்கொண்டு வந்து, எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா