ரயில் நிற்கும் ஊர்தான், ஆனாலும் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டு போங்கள்

கேள்வி: என் கணவர் டாக்டர், டெட்ராய்ட்டில் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சியை முடிக்கப்போகிறார். ஜே-1 விசா என்பதால், ஊர் திரும்பாமல் இங்கேயே தங்க வேண்டுமானால் டாக்டர்கள் பற்றாக்குறையான பகுதியில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். நார்த் டகோட்டாவில் ரக்பி என்ற ஊரில் இடம் கிடைத்திருக்கிறது. மக்கள்தொகை 2,509 என்று பார்த்ததும் திக்கென்றது. எனக்கு கார் ஓட்டத் தெரியாது. ஆனால் ஊரில் ஆம்ட்ராக் பயணிகள் ரயில் ஸ்டேஷன் இருக்கிறதாம், அதை வைத்துச் சமாளித்துவிடலாமா? ஊரே சுருங்கிக்கொண்டு வருகிறது என்கிறார்களே, ஆறு வயது மகளை அழைத்துக்கொண்டு அங்கே போகலாமா?
– வாசகி, மிச்சிகன்

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் ரயிலை நம்பிப் போக வேண்டாம். போக்குவரத்துத் திட்டமிடல் வேலைக்காகச் சில வருடங்கள் அதே மாநிலத்தின் கிழக்கே கிராண்ட் ஃபோர்க்ஸில் இருந்தவள் நான். அங்கிருந்து ரக்பி வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் பல தடவை போய் வந்திருக்கிறேன். உங்களைப் போலவே இந்த விசா ஏற்பாட்டில் வந்த மருத்துவக் குடும்பங்கள் சிலவற்றையும் தெரியும். அவர்களில் சிரமப்பட்டவர்கள் பெரும்பாலும் வண்டி ஓட்டத் தெரியாமல் முதல் குளிர்காலத்தை வீட்டுக்குள்ளேயே கழித்த மனைவிமார்தான். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் அந்த 2,509. அது 2020 சென்சஸ் கணக்கு. டெட்ராய்ட்டைச் சுற்றி 2,500 பேர் வசிக்கும் இடம் என்றால் நாலு தெரு, ஒரு பெட்ரோல் பங்க், அவ்வளவுதான். மற்றதெல்லாம் பக்கத்து ஊரில் இருக்கும். பிரெய்ரி என்கிற அந்தப் புல்வெளிச் சமவெளியில் பக்கத்து ஊர் என்ற பேச்சே வேறு. ரக்பி, பியர்ஸ் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) தலைநகர். கவுண்டி முழுவதும் சேர்த்தே 3,990 பேர்தான். பரப்போ 2,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். அத்தனை பேருக்கும் கோர்ட், ஆஸ்பத்திரி, உயர்நிலைப்பள்ளி, மளிகைக் கடை, டிராக்டர் உதிரிபாகக் கடை எல்லாம் இந்த ஓர் ஊரில்தான். எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதை விட எத்தனை பேர் அந்த ஊரை நம்பி இருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் கணவரிடம் வரும் நோயாளிகளில் பாதிப் பேர் அரை மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவர்களாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஊர் அங்கே இருப்பதற்கே ரயில்தான் காரணம். 1886-ல் ஜேம்ஸ் ஜே. ஹில்லின் ரயில் கம்பெனி, பிற்பாடு கிரேட் நார்தர்ன் என்று பெயர் மாறியது, மேற்கு நோக்கித் தண்டவாளம் போட்டுக்கொண்டே போனது. விவசாயி குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிவந்து விற்றுவிட்டு அன்றைக்கே வீடு திரும்பும் தூரத்துக்கு ஒரு ஸ்டேஷன். அதனால்தான் அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் நூலில் கோத்த மணி மாதிரி கிழக்கு மேற்காக வரிசையாக இருக்கின்றன. ஆங்கிலேயர்கள் குடியேற வருவார்கள் என்ற ஆசையில் இங்கிலாந்து ஊரின் பெயரை வைத்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் நார்வேக்காரர்களும், ரஷ்யாவில் சில தலைமுறை வாழ்ந்துவிட்டு வந்த ஜெர்மானியர்களும். தெற்கே பால்ட்டா பக்கம் போனால் அந்த ஜெர்மானியர்களின் கல்லறைகளில் கொல்லர்கள் அடித்து வளைத்த இரும்புச் சிலுவைகள் இன்னும் நிற்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஒவ்வொரு சிலுவையிலும் வேலைப்பாடு வேறு வேறு.

1907-ல் கட்டிய அந்த ஸ்டேஷன் இன்றும் ஊர் நடுவில் இருக்கிறது. சிகாகோவுக்கும் சியாட்டில், போர்ட்லாண்டுக்கும் ஓடும் எம்பயர் பில்டர் அங்கே நிற்கும். ஒரு நாளில் திசைக்கு ஒரே வண்டி. மேற்கே போவது காலையில் வரும், கிழக்கே போவது இரவு வெகுநேரம் கழித்து. மதியம் சிகாகோவில் ஏறினால் மறுநாள் காலை ரக்பியில் இறங்கலாம். மிச்சிகனில் இருக்கும் நண்பர்களைப் பார்க்கப் போக, விடுமுறைக்கு, இது அருமையான வண்டி. ஆனால் மகளுக்குப் பல் டாக்டரைப் பார்க்கவோ வாரச் சாமான் வாங்கவோ இதில் ஏற முடியாது. மேற்கே பக்கத்து நகரமான மைனாட்டுக்கு காலையில் போனால் இரவு வண்டியில்தான் திரும்ப வேண்டும். அதுவும் நேரத்துக்கு வந்தால். பனிக்காலத்தில் மணிக்கணக்காகத் தாமதமாவது சாதாரணம். ஜனவரியில் ஓர் இரவு அந்த ஸ்டேஷனில் நின்றேன். கண் இமை மயிரில் மூச்சு உறைந்து ஒட்டிக்கொண்டது. கிழக்கே போகும் வண்டிக்காக மேற்குத் திசையைப் பார்த்தபடி நின்றோம். இருட்டில் வெகு தூரத்தில் ஒரு விளக்குப் புள்ளி தெரிந்தது. மண் அவ்வளவு தட்டை. விளக்கு தெரிந்த பிறகும் வண்டி வந்து சேர எத்தனை நேரம் ஆனது என்பதை என் கால்விரல்கள்தான் சொல்லும்.

அந்த ரயிலே ஒரு சமயம் கைவிட்டுப் போக இருந்தது. கிழக்கே டெவில்ஸ் லேக் என்ற ஏரிக்கு வழக்கமாகத் தண்ணீர் வெளியேற வழி கிடையாது. 1990-களிலிருந்து ஏறிக்கொண்டே வந்த தண்ணீர் தண்டவாளத்தை எட்டிவிட்டது. சரக்கு வண்டிகளில் பெரும்பாலானவைக்கு ஃபார்கோவிலிருந்து நேராக வரும் வேறு பாதை இருக்கிறது, ஆகவே இந்தப் பாதையைக் காப்பாற்றும் அவசரம் சரக்குக்கு இல்லை. பயணிகள் வண்டியும் அந்த வழிக்கு மாறியிருந்தால் கிராண்ட் ஃபோர்க்ஸ், ஏரியின் பெயரையே கொண்ட டெவில்ஸ் லேக் ஊர், ரக்பி மூன்றுக்கும் ரயிலே இல்லை. கடைசியில் மாநில அரசும் ஆம்ட்ராக்கும் தண்டவாளத்தின் சொந்தக்காரரான பிஎன்எஸ்எஃப் ரயில்வேயும் செலவைப் பகிர்ந்துகொண்டு, சுமார் 10 கோடி டாலரில் பாலங்களையும் பாதையையும் உயர்த்தினார்கள். அதனால்தான் இன்று உங்களால் இந்தக் கேள்வியையே கேட்க முடிகிறது.

அன்றாட வாழ்க்கைக்கு நெடுஞ்சாலை 2-தான். மாநிலத்தின் 3-ஆம் நெடுஞ்சாலை வடக்கு தெற்காக வந்து அதை ரக்பியில் சந்திக்கிறது. மேற்கே மைனாட் 105 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். விமான நிலையம், பெரிய கடைகள், சிறப்பு மருத்துவர்கள் எல்லாம் அங்கே. விமானம் பெரும்பாலும் மினியாபொலிஸ் அல்லது டென்வர் வழியாக. கிழக்கே டெவில்ஸ் லேக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். வடக்கே கனடா எல்லையும் அதன் மேல் அமைந்த இன்டர்நேஷனல் பீஸ் கார்டன் பூங்காவும் அதே மாதிரி பக்கம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா வேண்டும், சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று எல்லையைத் தாண்டிவிடாதீர்கள். ஊருக்குள் டவுன் பஸ் கிடையாது. அந்த மாநிலத்துச் சிற்றூர்கள் பலவற்றில், முதல் நாளே போன் செய்தால் வீட்டு வாசலுக்கு வரும் வேன் சேவை உண்டு. முதியவர்களுக்கு மட்டும் என்று நினைத்து நம்மவர்கள் கேட்பதே இல்லை. போனதும் விசாரித்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பள்ளிக்கும் மளிகைக் கடைக்கும் நடந்துபோகும் தூரத்தில் பாருங்கள். சிறிய ஊரில் அது கஷ்டமில்லை.

இனி குளிரைப் பற்றி. மைனஸ் 30 செல்சியஸ் வருவது அங்கே அதிசயமில்லை. அங்குள்ள கார்களின் முன்பக்க கிரில்லில் சின்னதாக ஒரு பிளக் வயர் தொங்கும். இன்ஜினைச் சூடாக வைத்திருக்கும் பிளாக் ஹீட்டர் அது. ராத்திரி அதைச் சொருக மறந்தால் காலையில் வண்டி கிளம்பாமல் போகலாம். மிச்சிகனில் வாங்கிய காரில் பெரும்பாலும் இருக்காது, பனி வருமுன் பொருத்திவிடுங்கள். வாடகை வீடு பார்க்கும்போது வண்டி நிறுத்தும் இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். கிளம்புமுன் 511-க்கு போன் செய்து ரோட்டு நிலவரம் கேட்பது பல் தேய்ப்பது மாதிரி பழக்கமாக வேண்டும். "பயணம் வேண்டாம்" என்று அறிவித்திருந்தால் போகவே கூடாது, யாருக்கு விமானம் இருந்தாலும் சரி.

இன்னொன்று. அந்த நிலம் முழுவதும் ஒரு மைல் சதுரக் கட்டங்களாக அளந்து பிரித்தது. கட்டங்களின் ஓரங்களில் பாதை போகும். எல்லாமே ஓட்டக்கூடிய பாதை இல்லை, சிலவற்றில் பனியை யாரும் அள்ளவே மாட்டார்கள். போனில் மேப் காட்டும் குறுக்கு வழியை நம்பி அதில் இறங்கிவிடாதீர்கள். வண்டி பனியில் சிக்கினால் வெளியே இறங்கி நடக்கக் கூடாது. உள்ளேயே இருங்கள். இன்ஜினைப் போடுமுன் சைலன்சர் குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் விஷவாயு உள்ளே வரும். பின்சீட்டில் கம்பளியும் மண்வெட்டியும் ஏதாவது தின்பண்டமும் எப்போதும் இருக்கட்டும்.

ஊர் சுருங்குவது நிஜம். 2010-ல் 2,876 பேர், பத்தே வருடத்தில் 367 பேர் குறைந்திருக்கிறார்கள். அதே காலத்தில் மாநிலம் 6,72,591-லிருந்து 7,79,094-க்கு ஏறியது. வளர்ச்சி மேற்கே எண்ணெய் வயல்களிலும் பெரிய நகரங்களிலும்தான். மெக்கென்சி கவுண்டி அந்தப் பத்து வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது. ரக்பி பக்கம் எண்ணெய் இல்லை, கோதுமையும் கனோலாவும் சோயாவும்தான். இயந்திரங்கள் பெரிதாகப் பெரிதாக, பல குடும்பங்கள் உழுத நிலத்தை ஒரே குடும்பம் உழுகிறது. பிள்ளைகள் ஃபார்கோவுக்குப் படிக்கப் போகிறார்கள், திரும்புவதில்லை. ஆனால் சுற்றியுள்ள குட்டி ஊர்கள் காலியாகும்போது, அங்கே மிஞ்சியவர்கள் கவுண்டித் தலைநகரைத்தான் இன்னும் அதிகமாக நாடுவார்கள். உங்கள் மூன்று வருடத்தில் பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ மாயமாகிவிடாது. வகுப்பில் பிள்ளைகள் குறைவு, ஆசிரியருக்கு உங்கள் மகளை நன்றாகவே தெரிந்திருக்கும். உங்கள் கணவர் டாக்டர் என்பதால் முதல் வாரத்திலேயே உங்களையும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கேக்கோடு கதவைத் தட்டுபவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

ரெசிடென்சி ஜூன் கடைசியில் முடியும். பனி அக்டோபரிலேயே விழலாம். டிரைவிங் வகுப்பை டெட்ராய்ட்டிலேயே இந்த வாரம் தொடங்குங்கள். செப்டம்பருக்குள் ஒரு பகல் வேளையில், மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, மைனாட் வரை தனியாக ஓட்டிப்போய் ஒரு மூட்டை அரிசியும் ஒரு நல்ல பனிக்கோட்டும் வாங்கிக்கொண்டு, பள்ளி விடுவதற்குள் திரும்பி வந்துவிடுங்கள்.