ஏரி வாத்தும் குடற்புழுவும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மார்கழி, தை மாதங்களில் எங்கள் ஏரிக்குப் பல வகைக் காட்டு வாத்துகள் வருகின்றன. ஒரே தண்ணீரில் மேய்வதால் எல்லாவற்றுக்கும் ஒரே புழுக்கள்தான் இருக்குமா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: இருக்காது. தண்ணீர் ஒன்றானாலும் தீனி வேறு. காட்டு வாத்தின் குடற்புழுக்களில் பெரும்பாலானவை ஒரு வாத்திடமிருந்து இன்னொன்றுக்கு நேராகத் தொற்றுவதில்லை. எச்சத்தில் விழும் முட்டை நத்தையிலோ சிறு நீர்வாழ் உயிரிலோ வளர வேண்டும். அதை வாத்து தின்றால்தான் புழு குடலுக்குத் திரும்பும்.

தட்டைவாயன் வாத்தின் அலகோரத்தில் சீப்புப் பல் போல நெருக்கமான தகடுகள் உண்டு. தண்ணீரை வடிகட்டும்போது சைக்ளாப்ஸ், டாஃப்னியா போன்ற மிகச்சிறிய நீர்வாழ் உயிர்கள் ஏராளமாகச் சிக்கும். பல நாடாப்புழுக்களின் இளம்பருவம் அவற்றுக்குள்தான் இருக்கிறது. புள்ளிமூக்கு வாத்து சேற்றோரம் விதை பொறுக்கும்போது நத்தையையும் விழுங்கும். எக்கினோஸ்டோமா போன்ற தட்டைப்புழுக்கள் அந்த வழியாக வரும். கரையில் புல் மேயும் நாமத்தலை வாத்துக்கு இந்த இரண்டு வழிகளும் குறைவு. அதற்காக அது தப்பியது என்று எண்ண வேண்டாம். நோட்டோகோடைலஸ் என்னும் தட்டைப்புழுவின் இளம்பருவம் அடங்கிய கூடுகள் நீர்ச்செடிகளிலேயே ஒட்டியிருக்கும். அமிடோஸ்டோமம் என்னும் உருளைப்புழுவுக்கு இடையில் நத்தை எதுவும் தேவையில்லை. இரைப்பையின் தடித்த உள்தோலுக்கு அடியில் புகுந்து இரத்தம் குடிக்கும்.

வயதும் கணக்கில் வரும். பெரிதானதும் விதையும் இலையும் தின்னும் வாத்துகூட, குஞ்சாக இருக்கும் முதல் சில வாரங்கள் புரதத்துக்காகப் பூச்சி போன்ற சிற்றுயிர்களையே தேடும்; அவற்றோடு புழுவும் உள்ளே போகலாம். முட்டையிடப்போகும் பெட்டையும் அப்படித்தான்.

ஐரோப்பிய ஓடைகளில் பாலிமார்ஃபஸ் என்னும் முள்தலைப்புழு செய்யும் வேலை வியப்பானது. அது குடியேறிய சிறு இறால் போன்ற உயிரின் உடலில் ஆரஞ்சுப் புள்ளி ஒன்று வெளியே தெரியும். அடியில் பதுங்க வேண்டிய அந்த உயிர் நீர்மட்டத்துக்கு ஏறிவந்து வாத்துக்கு இரையாகும்.

கேள்வி: காட்டு வாத்துகள் வரும் ஏரியில் எங்கள் ஆரணி வாத்துகளை (நாட்டு வளர்ப்பு வாத்து) மேய்க்கிறோம். மெலிகின்றன, முட்டை குறைந்துவிட்டது. தண்ணீரில் மருந்து கலந்தும் பயனில்லை. ஏன்?
– வாசகர், செய்யாறு

பதில்: முதலில் எந்தப் புழு என்று பாருங்கள். பத்து வாத்துகளின் புது எச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மூடிய டப்பாவில் வெயில் படாமல் அன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். ‘மிதவை முறை மட்டும் போதாது, படிவு முறையிலும் பாருங்கள்’ என்று கேளுங்கள். மிதவை முறையில் எச்சத்தை உப்புக் கரைசலில் கலக்கி மேலே மிதக்கும் முட்டையைப் பார்ப்பார்கள்; படிவு முறையில் அடியில் தங்குவதைப் பார்ப்பார்கள். தட்டைப்புழுவின் முட்டை கனமானது. உப்புக் கரைசலில் மேலே வராது. புழு இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வருவது இதனால்தான்.

ஃபென்பெண்டசோல் உருளைப்புழுவுக்கு நன்றாக வேலை செய்யும். தட்டைப்புழுவுக்கு அதை நம்ப முடியாது. நாடாப்புழுவுக்கும் தட்டைப்புழுவுக்கும் பிரசிகுவான்டெல் வேண்டும். இரண்டுமே தண்ணீரில் சரியாகக் கரையாமல் அடியில் தங்கிவிடும். ஆகவே தீவனத்தில் பிசைந்து கொடுங்கள். எடைக்கேற்ற அளவையும், எத்தனை நாள் முட்டையை விற்கக்கூடாது என்பதையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்து கொடுத்த மறுநாளே அதே நத்தைக் கரைக்கு ஓட்டினால் புழு திரும்ப ஏறிவிடும். இளங்குஞ்சுகளைப் பாசி படர்ந்த ஓரங்களில் விடாதீர்கள். நத்தை பொறுக்கிப் போடுவதாக இருந்தால் பத்து நிமிடம் கொதிக்கவைத்து உடைத்துப் போடுங்கள்.

ஒன்றை மறக்கக்கூடாது. காட்டு வாத்தோ உங்கள் வாத்தோ திடீரெனக் கூட்டமாகச் செத்தால் புழு என்று எண்ணி அறுத்துப் பார்க்காதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். கையால் தொடாமல், கால்நடைத் துறைக்கும், காட்டுப் பறவை என்றால் வனத்துறைக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: வாத்து மேய்ந்த தண்ணீரில் இறங்கினால் காலில் அரிப்பும் சிவந்த தடிப்பும் வருகிறது. எங்கள் குடலிலும் புழு வந்துவிடுமா?
– வாசகர், மதுராந்தகம்

பதில்: வாத்தின் இரத்தக்குழாயில் வாழும் ஒருவகைப் புழுவின் இளம்பருவம் நத்தையிலிருந்து வெளியேறி, வாத்தின் தோலைத் துளைத்து நுழையும். மனிதர் காலையும் அதேபோலத் துளைக்கும், ஆனால் தோலிலேயே செத்துவிடும், குடலுக்குப் போகாது. இந்த அரிப்புக்குக் குடற்புழு மாத்திரை தேவையில்லை. கரையேறியதும் ஈரம் காயும் முன் துணியால் அழுத்தித் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சொறிந்து புண்ணாக்காதீர்கள், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.