கணினி அறை திறந்திருந்த நேரம் கற்றல் ஆகுமா?

கேள்வி: எங்கள் பாடசாலையில் 20 கணினிகளும் ஒரு ஸ்மார்ட் போர்டும் இருக்கின்றன. தவணைக்கு எத்தனை பாடவேளை பாவித்தோம் என்று பதிவேடு வைத்திருக்கிறோம். அதை வைத்து அடுத்த வருடத் திட்டத்தைப் போடலாமா?
— பிரதி அதிபர், மூதூர்

பதில்: அறை எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதைத்தான் பதிவேடு சொல்லும். ஆசிரியர் ஸ்மார்ட் போர்டில் ஸ்லைட் ஓட்ட, பிள்ளைகள் அதைக் கொப்பியில் பார்த்து எழுதினாலும் அங்கே ஒரு பாடவேளை. நான்கு பேர் சேர்ந்து திருகோணமலையின் மாத மழைவீழ்ச்சியை எக்செலில் போட்டு வரைபு கீறி, நவம்பரில் ஏன் ஏறுகிறது என்று வாதாடினாலும் அதே ஒரு பாடவேளைதான். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் திட்டத்துக்கு வேண்டும்.

வகுப்பில் உட்கார்ந்து அவதானிக்க ஒரு ஏ4 தாள் போதும். 40 நிமிடத்தை ஐந்தைந்து நிமிடமாக 8 வரிசையாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் மூன்று விடயங்களைக் குறியுங்கள்: கருவி யார் கையில் இருந்தது, பிள்ளைகள் என்ன செய்தார்கள் (பார்த்தார்களா, பார்த்து எழுதினார்களா, பயிற்சி செய்தார்களா, தாங்களாக ஒன்றை உருவாக்கினார்களா), கருவி இயங்காமல் எத்தனை நிமிடம் போனது. முதல் தடவை இரண்டு பேர் ஒரே வகுப்பில் இருந்து தனித்தனியாக நிரப்பிவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். 8 வரிசையில் 6க்குக் குறைவாகப் பொருந்தினால் சொற்களின் எல்லை தெளிவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் இழுபறி பயிற்சிக்கும் உருவாக்கத்துக்கும் நடுவில்தான் வரும். தயாராக இருக்கும் வினாக்களுக்கு விடை சொடுக்கினால் பயிற்சி. அந்த வினாக்களைப் பிள்ளைகளே தயாரித்தால் உருவாக்கம்.

எந்த வாரம் வருவீர்கள் என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள், எந்த நாள் என்று சொல்லாதீர்கள். நாளைச் சொன்னால் காட்சிக்கென்று தயாரித்த பாடம்தான் கிடைக்கும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம்: இந்தத் தாள் எந்த ஆசிரியரின் மதிப்பீட்டுக் கோவைக்கும் போகக் கூடாது. ஒரு தடவை போனாலும் அடுத்த தவணையிலிருந்து உண்மை நிலைமை உங்கள் கண்ணில் படாது.

சேர்ந்த தாள்களை நிலைகளாகப் பிரிக்க, தென் புளோரிடா பல்கலைக்கழகத்தில் உருவான தொழில்நுட்ப ஒருங்கிணைப்பு அட்டவணை நன்றாக உதவும். நுழைவு, ஏற்பு, தழுவல், ஊடுருவல், மாற்றம் என்று அதில் ஐந்து நிலைகள். ஆசிரியர் மட்டும் கருவியால் பாடத்தைக் கொடுத்தால் நுழைவு. சொன்ன படியே பிள்ளைகள் செய்தால் ஏற்பு. கருவியைத் தாங்களாகக் கையாண்டு ஆராயத் தொடங்கினால் தழுவல். எந்தக் கருவி வேண்டும் என்று பிள்ளைகளே தெரிவு செய்தால் ஊடுருவல். கருவி இல்லாமல் நடக்கவே முடியாத வேலையைச் செய்தால் மாற்றம். எல்லாப் பாடத்தையும் ஐந்தாம் நிலைக்கு ஏற்றுவோம் என்று திட்டத்தில் எழுதவேண்டாம். ‘தரம் 8 புவியியலில் ஒரு அலகு, இரண்டாம் தவணைக்குள் நுழைவிலிருந்து தழுவலுக்கு’ என்று எழுதினால் தவணை முடிவில் நடந்ததா இல்லையா என்று பார்க்கலாம்.

கேள்வி: கணினிப் பயிற்சிக்கு முன்னும் பின்னும், தங்கள் திறனுக்குத் தாங்களே புள்ளி போடும் ஒரே வினாக்கொத்தை ஆசிரியர்களுக்குக் கொடுத்தோம். பின்னர் தங்களுக்கே குறைந்த புள்ளி போட்டிருக்கிறார்கள். பயிற்சி வீணா?
— ஆசிரியர், நிலாவெளி

பதில்: அப்படி முடிவு கட்டவேண்டாம். பவர்பாயின்ற் தெரிந்தால் போதும் என்று நினைத்திருந்தவர் 5க்கு 4 போட்டிருப்பார். என்னென்ன செய்யலாம் என்று தெரிந்த பிறகு அதே ஆள் 3 போடுவார். அளவுகோலே மாறிவிட்டது. இனிமேல் பயிற்சி முடிவில் ‘அப்போது எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன்’ என்று இரண்டையும் ஒரே தாளில் கேளுங்கள். வகுப்பு அவதானிப்புத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: கணினி அறைக்குப் போனால் பாதி நேரம் வீணாகிறது. தரம் 9இல் 40 பிள்ளைகள், 20 கணினிகள். என்ன செய்யலாம்?
— விஞ்ஞான ஆசிரியர், கிண்ணியா

பதில்: நிமிடங்கள் எங்கே போகின்றன என்று முதலில் பாருங்கள். கணினி திறக்கும் நேரம், விண்டோஸ் அப்டேற், கடவுச்சொல் மறதி, ஒரே நேரத்தில் எல்லோரும் காணொளி இயக்குவது, இவைதான் வழக்கமாகத் தின்னும். 480பி காணொளிக்கு ஒரு கணினிக்கு ஏறக்குறைய செக்கனுக்கு 1 மெகாபிட் வேண்டும். 20 கணினிக்கு 20. இணைப்பு அவ்வளவு தாங்காவிட்டால் காணொளியை முதல் நாளே இறக்கி ஒவ்வொரு கணினியிலும் போட்டுவிடுங்கள். அப்டேற்றைப் பாடசாலை விட்ட பிறகு ஓடும்படி அமையுங்கள். இடைவேளையிலேயே கணினிகளைத் திறந்து வைக்க இரண்டு மாணவ தலைவர்களிடம் பொறுப்புக் கொடுங்கள்.

கணினிக்கு இருவர் என்றால் விசைப்பலகை ஒருவர் கையிலேயே தங்கிவிடும். 10 நிமிடத்துக்கு ஒரு தடவை கை மாற்றச் சொல்லுங்கள். அல்லது 20 பேர் கணினியில், 20 பேர் மேசையில் அதே பரிசோதனையின் அளவீட்டில் என்று பிரித்துப் பாதியில் மாற்றுங்கள். எங்களுக்குப் பிடித்தது இதுதான்.

தமிழில் எழுதவைப்பதானால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தொடங்கவே வேண்டாம். பாமினியில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ‘அம்மா’ என்பது ‘mk;kh’ என்றுதான் தெரியும்; குழுவாகப் பகிர்ந்து எழுதும் வேலை அங்கேயே படுத்துவிடும். எல்லாக் கணினியிலும் யூனிகோட் (எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறிமுறை) விசைப்பலகையைப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் கொஞ்சப் பணம் சேர்ந்திருக்கிறது. இன்னும் ஐந்து கணினி வாங்கலாமா?
— பெற்றோர், உப்புவெளி

பதில்: இருப்பவை எத்தனை ஓடுகின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கடற்கரைப் பாடசாலையில் உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரித்துவிடும். பிளாஸ்ரிக் உறையால் மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும்; துணி உறை நல்லது. பாவிக்காத கணினியையும் வாரம் ஒரு தடவை ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள். யூபிஎஸ் (மின்சாரம் நின்றால் கணினியைக் கொஞ்ச நேரம் தாங்கும் கருவி) பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் மாற்றவேண்டிவரும், அதற்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். யூபிஎஸ்ஸை மாதக்கணக்கில் கழற்றிப் போட்டுவைத்தால் பற்றரி தானாக இறங்கிப் பழுதாகலாம். அப்படி வைப்பதானால் இடையிடையே யாராவது ஒருவர் சார்ஜ் ஏற்றவேண்டும்.