பி.எஸ்சி வேதியியல் முதல் வருடம்: அலைடு எதை எடுப்பது, முன்கூட்டியே என்ன படிப்பது?

குடியாத்தம் பக்கம், பிளஸ் டூ வரை தமிழ் வழி, வேலூரில் பி.எஸ்சி வேதியியல் சீட் கிடைத்திருக்கிறது. அலைடு, அதாவது துணைப்பாடம், கணிதமா விலங்கியலா, கல்லூரி திறப்பதற்குள் என்ன படித்து வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் வேலூரில் வேதியியல் படித்தவன்தான். இப்போது ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஆய்வகம் ஒன்றில் வேலை. கணிதம் எடுங்கள் தம்பி.

விலங்கியலில் மார்க் சுலபமாக வரும் என்று சீனியர்கள் சொல்வார்கள். வரலாம். ஆனால் வேதியியலில் பசங்க தடுமாறுவது பெரும்பாலும் வேதியியலால் அல்ல, கணக்கால். வாயு மூலக்கூறுகளின் வேகப் பரவல், ஷ்ரோடிங்கர் சமன்பாடு, பிறகு வெப்ப இயக்கவியல், வினைவேகவியல் என்று வரிசையாக வரும். முதல் வகை வினையின் சமன்பாட்டை வருவிக்க எளிமையான ஒரு தொகையிடல் போதும். அது தெரியாதவர்கள் எல்லா வரியையும் மனப்பாடம் செய்துவிட்டு, தேர்வில் ஒரு வரி மறந்தால் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எம்.எஸ்சிக்கு ஐ.ஐ.டி. போக ஆசை வந்தாலும், அதற்கான ஜாம் தேர்வில் கணக்கு இல்லாமல் நகர முடியாது. உயிர்வேதியியல் பக்கம்தான் போவேன் என்று இப்போதே உறுதியாக இருந்தால் மட்டும் விலங்கியல் எடுக்கலாம்.

விடுமுறையில் படிக்க வெளியே எந்தப் புத்தகமும் வாங்க வேண்டாம். நம் பிளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தின் முதல் பாடம், வேதிக் கணக்கீடுகள், அதைக் கரைத்துக் குடியுங்கள். உதாரணமாக, 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலம் 250 மி.லி. தயாரிக்க எத்தனை கிராம் எடை போட வேண்டும்? படிக ஆக்சாலிக் அமிலத்தின் சமான எடை 63. லிட்டருக்கு 6.3 கிராம், கால் லிட்டருக்கு 1.575 கிராம். சரி, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மோலார் நிறை 158, சமான எடை மட்டும் ஏன் 31.6? அமில ஊடகத்தில் மாங்கனீஸ் +7-லிருந்து +2-க்கு இறங்குகிறது, 5 எலக்ட்ரான் வாங்குகிறது, அதனால் 5-ஆல் வகுக்கிறோம். இந்த ‘ஏன்’ புரிந்தால் முதல் வருட லேப் கணக்கு பாதிக்கு மேல் முடிந்த மாதிரி.

மேலே +7, +2 என்று சொன்னேனே, அந்த ஆக்சிஜனேற்ற எண் நம் பக்கத்துக்காரர்களுக்கு வெறும் பரீட்சைக் கேள்வி இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் பதனிடப் போடும் குரோமியம் +3. அதே குரோமியம் +6 ஆக மாறினால் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. பாலாற்றுப் பகுதி தோல் கழிவால் கெட்டதைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பு சொன்னது. இன்றைக்கும் கழிவுநீரின் சி.ஓ.டி., அதாவது அதிலுள்ள மாசை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு, பார்க்க டைகுரோமேட்டோடு கொதிக்க வைத்து, மீந்ததை ஃபெரஸ் அமோனியம் சல்பேட்டால் டைட்ரேட் செய்கிறோம், அதாவது சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு காண்கிறோம். கல்லூரி லேபில் நீங்கள் கையில் எடுக்கப் போகும் அதே உப்புதான்.

டைட்ரேஷன் கைப்பழக்கம். பியூரெட்டை அதில் ஊற்றப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும். கூம்புக் குடுவையை வாலைவடிநீரால் மட்டும். பிப்பெட்டின் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளாதீர்கள், நுனியைக் குடுவைச் சுவரில் தொட்டு எடுத்தால் போதும். பெர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் கீழ் வளைவு தெரியாது, மேல் விளிம்பைப் பார்த்து அளவு குறியுங்கள். ஆக்சாலிக் அமிலத்தை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகும் முதல் சில சொட்டுகளின் நிறம் மறையத் தாமதமாகும். பதறி மேலே மேலே ஊற்றக் கூடாது, குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே வினையை வேகப்படுத்தும். அப்புறம் சொட்டு விழ விழ நிறம் போகும். வெளிர் ரோஜா நிறம் அரை நிமிடம் நிலைத்தால் நிறுத்திவிடுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றிய பயம் வேண்டாம். பாடநூல் கழகத்தின் புத்தகம் இரண்டு வழியிலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே பாடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், முதலில் தமிழில் புரிந்துகொண்டு பிறகு ஆங்கிலத்தில். காட்பாடிக்கு ரயிலில் வந்து போவதாக இருந்தால் அந்த நேரம் இதற்குப் போதும்.

பிளஸ் டூவில் என்ன குரூப் என்று நீங்கள் எழுதவில்லை. கணிதம் இல்லாத குரூப் என்றால், அலைடு கணிதம் தருவார்களா என்று சேரும்போதே துறையில் கேட்டுவிடுங்கள். தராவிட்டால் விலங்கியலே எடுத்துக்கொண்டு, பிளஸ் ஒன் கணிதத்தின் இரண்டாம் தொகுதியில் வகையிடல், தொகையிடல் பாடங்களை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். எங்கே சிக்குகிறதோ கருத்தில் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.